வராவிட்டால் தேடுவார்களா? தனிமையுணர்வும் நலமான சமூகமும்

உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூன் 30 அன்று ஓர் அறிக்கையை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமையுணர்வு வாட்டுகிறது என்றும், அதனோடு தொடர்புடைய மரணங்கள் ஆண்டுக்கு 8.71 லட்சத்துக்கும் மேல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 100 என்றும் அது மதிப்பிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், அந்நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுக்கும் உலக சுகாதாரப் பேரவை சமூகத் தொடர்பு குறித்துத் தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே இரண்டு ஐயங்கள் எழுந்தன. மாரடைப்பும் புற்றுநோயும் உயிரைப் பறிக்கும், தனிமை எப்படிப் பறிக்கும் என்பது ஒன்று. நான்கு பேரோடு பழகினால் தீர்ந்துவிடும் மனக்குறைக்கு உலக அமைப்பு ஒன்று ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் ஐயத்துக்கு மருத்துவ ஆய்வுகளில் விடை இருக்கிறது. இரண்டாவது ஐயத்திலோ ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: பிறரோடு ஒட்டுதல் என்பது அவரவர் முயன்று வரவழைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற எண்ணம். ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்பதில்லை. மனிதர்கள் கூடும் இடம், கூடும் முறை, அங்கே ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் பொறுப்பு ஆகியவை சேர்ந்தே ஒட்டுதலை விளைவிக்கின்றன. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

தமிழில் 'தனிமை' என்ற ஒரே சொல்லைப் பல நிலைகளுக்கும் வழங்குகிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

1. தனித்திருத்தல்: ஒருவர் விரும்பி எடுத்துக்கொள்ளும் தனிமை. படிக்கவோ எழுதவோ வழிபடவோ வெறுமனே ஓய்ந்திருக்கவோ அது தேவைப்படுகிறது. இதில் தீங்கு எதுவும் இல்லை.

2. தனித்துப்போதல்: உறவுகளும் பழக்கங்களும் எண்ணிக்கையில் அருகிவிட்ட நிலை. மாதத்தில் எத்தனை பேரைச் சந்திக்கிறார், அவசரத்துக்கு யாரை அழைக்க முடியும் என்று வெளியிலிருந்தே கணக்கிட்டு இதை அறியலாம்.

3. தனிமையுணர்வு: ஒருவர் விரும்பும் உறவுக்கும் அவருக்கு வாய்த்திருக்கும் உறவுக்கும் நடுவிலுள்ள இடைவெளி தரும் வலி. இதை வெளியிலிருந்து எண்ண முடியாது. அவரைக் கேட்டால்தான் தெரியும்.

4. ஒட்டுதல்: "இங்கே எனக்கு ஓர் இடம் உண்டு, நான் வராவிட்டால் அந்த இடம் காலியாகத் தெரியும்" என்ற நம்பிக்கை.

5. சமூகம்: இந்தக் கட்டுரையில் இச்சொல் பிறப்பால் வந்த பிரிவையோ நாட்டு மக்கள் அனைவரையுமோ குறிக்காது. ஒருவரையொருவர் அறிந்து, திரும்பத் திரும்பச் சந்தித்து, ஏதோ ஒன்றைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் மனிதர்களின் தொகுதியை மட்டுமே குறிக்கும். ஒரு தெரு, ஒரு வாசகர் வட்டம், ஒரு விளையாட்டுக் குழு, ஒரே நோயோடு போராடுபவர்களின் கூட்டம் எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பத்துப் பேர் வாழும் வீட்டில் ஒருவர் தனிமையுணர்வால் வதங்கலாம். தனியாக வாழும் ஒருவர் நிறைவாக இருக்கலாம். "அவருக்கென்ன, சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களே" என்று சொல்லும்போது இரண்டாவதை அளந்துவிட்டு மூன்றாவதைப் பற்றித் தீர்ப்பளிக்கிறோம். முதியவர்களின் நோய் இது என்ற பொதுவான நினைப்பும் இப்படி வந்ததுதான். அதே அறிக்கையின்படி 13 முதல் 29 வயது வரையுள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையுணர்வு இருப்பதாகச் சொல்கிறார்கள். பதின்வயதினரிடம்தான் அது மிகுதி. செல்வம் பெருகிய நாடுகளின் சிக்கல் என்பதும் சரியல்ல. குறைந்த வருவாய் நாடுகளில் ஏறத்தாழ 24 சதவீதம் பேர் இதைச் சொல்ல, உயர் வருவாய் நாடுகளில் அந்த அளவு ஏறத்தாழ 11 சதவீதமாகவே இருக்கிறது.

மரண எண்ணிக்கை எப்படி வருகிறது?

இறப்புச் சான்றிதழில் எந்த மருத்துவரும் காரணம் 'தனிமை' என்று எழுதுவதில்லை. இத்தகைய எண்கள் மூன்று படிகளில் உருவாகின்றன. மக்களில் எத்தனை பேருக்கு அந்நிலை இருக்கிறது என்பதை முதலில் ஆய்வுக் கணக்கெடுப்புகளிலிருந்து எடுக்கிறார்கள். அந்நிலை உள்ளவர்கள், இல்லாதவர்களைவிட எத்தனை மடங்கு முன்னதாக இறக்கிறார்கள் என்பதை நீண்டகாலத் தொடர் ஆய்வுகளிலிருந்து எடுக்கிறார்கள். பின்னர் இரண்டையும் இணைத்து, அந்நிலை இல்லாதிருந்தால் எத்தனை மரணங்கள் குறைந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். புகையிலை, காற்று மாசு போன்றவற்றால் நேரும் மரணங்களும் ஏறக்குறைய இந்த வழியில்தான் கணக்கிடப்படுகின்றன. ஆகவே 8.71 லட்சம் என்பது தலை எண்ணிச் சொன்ன தொகை அன்று, மதிப்பீடு.

இங்கே நியாயமான ஓர் எதிர்க்கேள்வி உண்டு. நோயாளிகள் வீட்டோடு முடங்குவதால் தனித்துப்போகிறார்களே, அப்படியானால் எது காரணம், எது விளைவு? இதைச் சரிபார்க்க, தொடக்கத்தில் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டும். கலிஃபோர்னியாவின் அலமீடா வட்டாரத்தில் 1965-இல் தொடங்கிய ஆய்வில் ஏறத்தாழ 7,000 பேரை அப்படி 9 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உறவுகள் மிகக் குறைவாக இருந்தவர்களின் இறப்பு விகிதம், மிகுதியாக இருந்தவர்களுடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. தொடக்க உடல்நிலை, புகைப்பழக்கம், வருவாய் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் வேறுபாடு மறையவில்லை. 1979-இல் அந்த முடிவு வெளியானது. 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, அவற்றிலிருந்த 3,08,849 பேரின் தரவுகளோடு தொகுத்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்பது அவர்கள் கண்ட சராசரி.

உறவின்மை உடலுக்குள் இறங்கும் வழிகள் மூன்று.

1. உடலின் எச்சரிக்கை நிலை. துணையில்லை என்ற உணர்வு நீடிக்கும்போது உடல் ஓயாமல் ஆபத்தை எதிர்பார்க்கிறது. தூக்கம் துண்டு துண்டாகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உள்ளழற்சி கூடுகிறது. இவை ஆண்டுக்கணக்கில் தொடரும்போது இதயமும் இரத்தக்குழாய்களும் பாதிக்கப்படுகின்றன.

2. பழக்கங்கள். மருந்தை நேரத்துக்கு எடுத்தாயா என்று கேட்க ஆளிருந்தால் மருந்து உள்ளே போகும்.

3. உதவி வந்து சேரும் நேரம். நெஞ்சுவலி வந்தபோது பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்பதே சிலருக்கு வாழ்வையும் சாவையும் தீர்மானித்துவிடுகிறது.

இவற்றோடு இன்னோர் ஆய்வையும் வைத்துப் பார்க்க வேண்டும். 1997-இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் நலமாக இருந்த 276 பேரின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுகளாக இட்டு, தனியிடத்தில் வைத்துக் கவனித்தார்கள். வாழ்க்கைத்துணை, பெற்றோர், நண்பர், அண்டை வீட்டார், உடன் பணியாற்றுபவர், ஏதேனும் ஒரு குழுவின் உறுப்பினர் என்று 12 வகை உறவுகளில் ஒவ்வொருவருக்கும் எத்தனை வகை உண்டு என்பதை முன்கூட்டியே குறித்திருந்தார்கள். மூன்று வகைக்கு மேல் இல்லாதவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஆறு வகையும் அதற்கு மேலும் உள்ளவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. எத்தனை பேரைத் தெரியும் என்பதைவிட எத்தனை விதமான பாத்திரங்களில் வாழ்கிறோம் என்பது இங்கே முந்துகிறது. ஒரே வகை உறவை மலைபோல் நம்பியிருப்பவருக்கு அது சரியும் நாளில் ஒதுங்க வேறு திண்ணை இருப்பதில்லை.

2023-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிவுரைக் குறிப்பு, சமூகத் தொடர்பு இல்லாமை இறப்பு அபாயத்தில் நாளொன்றுக்கு 15 சிகரெட் வரை புகைப்பதற்கு ஒப்பானது என்றது. அந்த ஒப்புமை உலகெங்கும் பரவியது; கவனத்தை ஈர்த்த அளவில் அது நல்லதே. ஆனால் அதன் நிழலில் ஒரு தவறான பாடமும் பரவிவிட்டது. சிகரெட்டைப் பிடிப்பவர் தாமாகவே அணைத்துவிடலாம். உறவின்மையை ஒருவர் தனியாக அணைக்க முடியாது. அதற்கு மறுபக்கத்தில் கை நீட்ட ஆள் வேண்டும்.

"வெளியே போய்ப் பழகு" என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை?

தனிமையுணர்வைப் பசியைப் போன்ற ஓர் அறிவிப்பு என்றார் நரம்பியல் ஆய்வாளர் ஜான் காசியோப்போ. பசி உணவைத் தேடச் சொல்கிறது. தனிமையுணர்வு மனிதரைத் தேடச் சொல்கிறது. கூட்டமாக வாழ்ந்து பிழைத்த உயிரினத்துக்கு இந்த வலி காவலாக அமைந்தது. 2003-இல் நடந்த ஒரு சோதனையில், கணினித் திரையில் மூவர் பந்தை மாற்றி மாற்றி எறியும் எளிய விளையாட்டில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்தார்கள். அந்தச் சிறு புறக்கணிப்புக்கே, உடல்வலியின் துன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று அவரிடம் கூடுதலாகச் செயல்பட்டது.

பசிக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பசித்தவருக்கு உணவின் மேல் ஐயம் வருவதில்லை. நெடுநாள் தனிமையுணர்வில் இருப்பவருக்கோ மனிதர்கள் மேலேயே ஐயம் வந்துவிடுகிறது. எதிரில் வருபவர் முகம் சற்று வாடியிருந்தால் "என்னைப் பார்த்துத்தான்" என்று தோன்றுகிறது. பதில் வரத் தாமதமானால் ஒதுக்கிவிட்டார்கள் என்று மனம் முடிவு கட்டுகிறது. காயப்படுவதற்கு முன் அவரே விலகிக்கொள்கிறார். விலகியவரைத் திமிர் பிடித்தவர் என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அவர் பயந்தது அப்படியே நடந்தும் விடுகிறது. இந்தச் சுழலில் சிக்கியவரிடம் "நீதான் பழக மாட்டேன் என்கிறாய்" என்று சொல்வது, கால் முறிந்தவரை நடக்கவில்லையே என்று கடிந்துகொள்வதற்கு ஒப்பாகும். இத்தகையோருக்கான உதவிகளை ஒப்பிட்டு 2011-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், வெறுமனே சந்திப்பு வாய்ப்புகளைப் பெருக்கியதைவிட, இந்த ஐய மனநிலையைத் தளர்த்திய முறைகளே கூடுதல் பலன் தந்தன.

ஒட்டுதல் எதனால் உண்டாகிறது?

அ. திட்டமிடாத, திரும்பத் திரும்ப நிகழும் சந்திப்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த மணமான மாணவர்களுக்காக ஒரு குடியிருப்பு கட்டப்பட்டது. யார் எந்த வீட்டில் குடியேறுவது என்பதைக் குடியேறுபவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே யாருக்கு யார் நண்பரானார்கள் என்று விசாரித்து 1950-இல் எழுதினார்கள். ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் ஒருவரையொருவர் நெருங்கிய பழக்கமாகக் குறிப்பிட்டார்கள். ஒரு வீடு தள்ளியிருந்தால் 22 சதவீதம். தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே 10 சதவீதம் மட்டுமே. கோடிக்குக் கோடி சில பத்து அடிகள்தாம் இருந்தன. மாடிப்படிக்கும் கடிதப் பெட்டிக்கும் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பழக்கம் கூடுதலாகவும், வாசல் தெருப்பக்கம் பார்த்திருந்த வீட்டுக்காரர்களுக்குக் குறைவாகவும் இருந்தன. அவர்களுடைய குணத்தில் வேறுபாடு இல்லை. கதவு திரும்பியிருந்த திசையில்தான் வேறுபாடு.

காலமும் வேண்டும். புதிதாக அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகின்றன என்று ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியான ஆய்வில் கணித்தார். ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய விழா எடுத்துவிட்டு "நம் உறுப்பினர்களிடையே ஒட்டுதலே இல்லை" என்று வருந்தும் அமைப்புகள் இந்த மணிக்கணக்கைப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேர விழாக்கள் இரண்டால் ஆண்டுக்கு ஆறு மணி நேரம்தான் சேர்கிறது. வாரந்தோறும் இரண்டு மணி நேரம், ஆரவாரமில்லாமல் கூடும் குழுவுக்கு ஓராண்டில் 100 மணி நேரம் சேர்ந்துவிடுகிறது.

ஆ. தேவைப்படுதல்

ஆர்வமுள்ள அமைப்பாளர்கள்கூட மிகுதியாகத் தவறவிடும் இடம் இது. ஒரு வாசகர் வட்டத்துக்கு ஒருவர் முதன்முறையாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"வாங்க, வாங்க, உட்காருங்க" என்று முகம் மலர வரவேற்கிறார்கள். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரம் பேச்சு நடக்கிறது. முடிந்ததும் பழகியவர்கள் மூன்று, நான்கு பேராகத் திரண்டு நின்று பேசத் தொடங்குகிறார்கள். எந்த வளையத்துக்குள் நுழைவது என்று தெரியாமல் அவர் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். இரண்டு நிமிடம் கழித்து யாரிடமும் சொல்லாமல் படியிறங்குகிறார். அடுத்த வாரம் வரவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவரை யாரும் அவமதிக்கவில்லை, வரவேற்பிலும் குறையில்லை. இருந்தும் அவர் அங்கே விருந்தாளியாக வந்தார், விருந்தாளியாகவே போனார்.

அதே அறை, அதே மனிதர்கள். இம்முறை கூட்டம் தொடங்கும் முன் ஒருவர் அவரிடம், "இந்த நாற்காலிகளை வட்டமாப் போடணும், ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்கிறார். நாற்காலிகளை இழுத்துப் போடும் ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் பெயர் தெரிந்துவிடுகிறது. முடிந்து புறப்படும்போது, "அடுத்த வாரம் நான் வர நேரமாகும். அறைச் சாவி உங்ககிட்ட இருக்கட்டுமே" என்று சாவியைக் கையில் கொடுக்கிறார். அடுத்த வாரம் அவர் போகாவிட்டால் கதவு திறக்காது. பத்துப் பேர் வாசலில் நின்று அவரைத் தேடுவார்கள். ஒட்டுதல் என்ற சொல்லுக்கு மேலே தந்த வரையறை இப்போது ஒரு சாவியாக அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது.

வரவேற்பு ஒருவரை உள்ளே அழைத்து வரும். அங்கே நிலைக்க வைப்பது அவரால் ஆக வேண்டிய ஒரு காரியம். உதவி பெறுபவராக மட்டுமே நடத்தப்படும் முதியவரும், மாற்றுத்திறனாளியும், வேலையிழந்தவரும் கூட்டத்துக்கு நடுவிலேயே தனிமையுணர்வு கொள்வதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அவர்களுக்குத் தருவதற்கு எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. ஒப்படைக்கும் பொறுப்பு உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயரளவுக்குக் கொடுத்த வேலையை யாரும் ஒரே நாளில் கண்டுகொள்வார்கள்.

இ. சேர்ந்து செய்தல்

பகைத்துக்கொண்ட இரு தரப்பை ஓரிடத்தில் உட்கார வைத்தால் பகை தணியும் என்று நம்புகிறோம். 1954 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரிஃப் குழுவினர் நடத்திய முகாமில் அது நடக்கவில்லை. பதினொரு வயது ஒட்டிய 22 சிறுவர்களை இரு அணிகளாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார்கள், பகை முற்றியது. பின்னர் அவர்களைச் சேர்ந்து சாப்பிடவும் படம் பார்க்கவும் வைத்தபோது, உணவை ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். முகாமின் தண்ணீர் நின்றுபோய், எல்லோரும் சேர்ந்து தேடி அடைப்பை நீக்க வேண்டியிருந்தபோதுதான் தணிவு தொடங்கியது. உணவு கொண்டுவர வேண்டிய வண்டி ஒருநாள் கிளம்பவில்லை. சில நாள் முன்பு எதிரெதிராக நின்று வடம் இழுக்கும் போட்டிக்குப் பயன்படுத்திய அதே கயிற்றை வண்டியில் கட்டி, இரு அணியும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். சிறுவர்களுக்குத் தெரியாமல் இந்தச் சூழல்களை ஆய்வாளர்களே உண்டாக்கினார்கள் என்பதால் அந்த முறை அறம் சார்ந்த கண்டனத்துக்கு உள்ளானது. இன்று அப்படிச் செய்ய அனுமதி கிடைக்காது. ஆனால் வெறும் சந்திப்புக்கும் சேர்ந்து செய்யும் பணிக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கயிறு தெளிவாகக் காட்டுகிறது.

ஈ. சொல் ஏறுதல்

1986-இல் டேவிட் மெக்மில்லனும் டேவிட் சாவிஸும் சமூக உணர்வை நான்கு கூறுகளாகப் பகுத்தார்கள்: உறுப்பினர் என்ற நிலை, செல்வாக்கு, தேவைகள் நிறைவேறுதல், பகிர்ந்துகொண்ட உணர்ச்சிப் பிணைப்பு. இவற்றில் 'செல்வாக்கு' இருபக்கமும் பாய வேண்டும் என்பது அவர்கள் வாதம். குழு என்னை மாற்றுவதுபோல், என் சொல்லாலும் குழுவில் ஏதேனும் மாற வேண்டும். ஆண்டுக்கணக்கில் தவறாமல் வந்தும் ஒரு முடிவில்கூடத் தன் சொல் ஏறாதவர், மனத்தளவில் என்றோ வெளியேறியிருப்பார்.

நெருங்கிய நால்வர் போதாதா?

போதாது. 1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான், எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி சற்றுத் தள்ளியிருக்கும் அறிமுகத்திலிருந்தே வருகிறது. இதையொட்டியே ஒரே மாதிரியானவர்களை இறுக்கும் பிணைப்பு உறவையும், வேறுபட்டவர்களை இணைக்கும் பால உறவையும் அரசியல் அறிவியலாளர் ராபர்ட் பட்னம் வேறுபடுத்திப் பேசினார். துன்பத்தில் தாங்கிப் பிடிப்பது முன்னது. வாழ்வை விரிப்பது பின்னது. முன்னது மட்டும் வளர்ந்தால் ஒட்டுதல் மிகும், கூடவே வெளியாள் மீதான வெறுப்பும் மிகும்.

எல்லாக் கூட்டமும் நலமானதன்று

ஒட்டுதலைத் தருவதில் வன்முறைக் கும்பல்களும், ஒருவரை மட்டும் தொழும் இறுகிய குழுக்களும் மிகத் தேர்ந்தவை. அவை புதியவரை உடனே பெயர் சொல்லி அழைக்கின்றன, வேலை கொடுக்கின்றன, வராவிட்டால் தேடுகின்றன. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அங்கும் உண்டு. தனித்துப்போன இளைஞர்கள் அவற்றில் போய் விழுவதற்கு அறிவின்மையைக் காரணம் சொல்வது நேர்மையாகாது. வேறு எங்கும் கிடைக்காதது அவர்களுக்கு அங்கே கிடைத்தது. ஆகவே ஒட்டுதலின் அளவை மட்டும் வைத்து ஒரு சமூகத்தை மதிப்பிட முடியாது. வேறு கேள்விகள் வேண்டும்.

1. வெளியேறினால் என்ன ஆகும்? நலமான குழுவிலிருந்து விலகியவர் தெருவில் எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பார்கள். நலமற்ற குழுவில் அவர் துரோகியாகிறார். மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது நம்பகமானது.

2. மாற்றுக் கருத்தைச் சொன்னவருக்கு அடுத்த கூட்டத்தில் இருக்கை உண்டா?

3. பொறுப்புகள் கைமாறுகின்றனவா, ஒரே கையில் தங்குகின்றனவா? அந்த ஒருவர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே பொருட்டல்ல. அவர் களைத்துப்போகும் நாளில் குழுவும் விழுந்துவிடும்.

4. சண்டை வந்தால் எங்கே போவது? சண்டையே வராத குழு என்று ஒன்று இல்லை. அப்படித் தோன்றினால் யாரோ பேசாமல் இருக்கிறார்கள் என்று பொருள்.

நான்காவது கேள்விக்கு அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரோமின் பணி நேரடியாக உதவும். பொது மேய்ச்சல் நிலம், காடு, பாசன நீர், மீன்பிடி நீர்நிலை ஆகியவற்றை ஊரார் தாமே நெடுங்காலம் அழியாமல் காத்த இடங்களை ஆராய்ந்து, 1990-இல் அவற்றுக்குப் பொதுவான எட்டுக் கூறுகளை அவர் எடுத்துக்காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். யார் உறுப்பினர் என்ற தெளிவு, விதிகளுக்குக் கட்டுப்படுபவர்களே விதிகளை மாற்றுவதில் பங்குபெறுதல், பூசலைக் குறைந்த செலவில் விரைவாகத் தீர்க்கும் வழி ஆகியவை அவற்றுள் அடங்கும். எனக்கு மிக முக்கியமாகப் படுவது படிப்படியான தண்டனை. முதல் தவறுக்கு ஒரு நினைவூட்டல், அடுத்ததற்குச் சிறு இழப்பு, தொடர்ந்தால் கடுமை. நீடித்து நின்ற சமூகங்கள் தவறியவரை முதல் நாளே துரத்தவில்லை, கண்டுகொள்ளாமலும் விடவில்லை. இன்றைய குழுக்கள் பலவும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்துதான் உடைகின்றன.

இடம் என்னும் மறந்துபோன காரணி

1995 ஜூலையில் சிகாகோ நகரைத் தாக்கிய வெப்ப அலையில், வழக்கமான எண்ணிக்கையைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க், அடுத்தடுத்து இருந்த வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல் என்னும் இரு பகுதிகளை ஒப்பிட்டார். வறுமையில் தனியாக வாழ்ந்த முதியவர்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தார்கள்; வெயிலும் ஒன்றுதான். ஆனால் வடக்கில் ஒரு லட்சம் பேருக்கு 40 பேரும் தெற்கில் 4 பேரும் இறந்தார்கள். வடக்கில் கடைகள் மூடி, வீடுகள் பாழடைந்து, நடைபாதை வெறிச்சோடியிருந்தது. முதியவர்கள் அச்சத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். தெற்கில் தெரு நிறையக் கடைகளும் நடமாட்டமும் இருந்ததால், வெக்கை தாளாதவர்கள் வெளியே வந்து குளிர்ந்த கடைகளுக்குள் ஒதுங்கினார்கள். வழக்கமாக வரும் முகம் வராவிட்டால் கடைக்காரருக்குத் தெரிந்தது.

பூங்கா இருக்கை, நிழலுள்ள நடைபாதை, பணம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கக்கூடிய நூலகம் ஆகியவற்றை நகர அழகின் கணக்கில் எழுதிச் செலவைக் குறைப்பவர்கள், அவை பொதுச் சுகாதாரத்தின் கணக்கிலும் வர வேண்டியவை என்பதை உணர வேண்டும். பணம் செலுத்தினால்தான் உட்காரலாம் என்ற நிலை வந்தவுடன் முதலில் மறைபவர்கள் ஏழைகளும் முதியவர்களும் பதின்வயதினருமே.

இணையத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அளவுகோல் மாறுவதில்லை. அரிய நோயுள்ள குழந்தையின் தாய்க்கு, அதே நிலையிலுள்ள இன்னொரு தாய் வேறு கண்டத்தில்தான் இருக்கக்கூடும்; இணையக் குழு அவருக்கு உண்மையான சமூகம். ஆயிரம் பேர் உள்ள ஒரு குழுவில் அமைதியாகப் பிறர் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு மாதம் வராவிட்டால் யாருக்கும் தெரியாது என்றால், அது அவருக்குச் சமூகமாகவில்லை.

அரசுகள் செய்வதும், ஒரு மர இருக்கை செய்ததும்

பிரிட்டன் 2018-இல் தனிமையுணர்வுக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. ஜப்பான் 2021-இல் அவ்வாறே செய்தது. அங்கே இதற்கென இயற்றப்பட்ட சட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரசு செய்யக்கூடியவை உண்மையில் பல: இடம், போக்குவரத்து, வேலை நேர ஒழுங்கு, பள்ளிகளில் கவனிப்பு. நட்பை ஆணையிட்டு உண்டாக்க அரசால் இயலாது. அது முளைப்பதற்கான மண்ணைக் கெடாமல் காக்க இயலும்.

அந்த மண்ணை மிகக் குறைந்த செலவில் பண்படுத்திய ஒரு முயற்சி ஜிம்பாப்வேயில் நடந்தது. மனநல மருத்துவர் டிக்ஸன் சிபண்டா 2006-இல், நலவாழ்வு மையங்களின் வெளியே ஒரு மர இருக்கையைப் போட்டு, அப்பகுதிப் பாட்டிகளுக்கு மனநல ஆலோசனையில் அடிப்படைப் பயிற்சி தந்து அங்கே உட்கார வைத்தார். மனச்சோர்வோடு வருபவர் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து பேசுவார். பாட்டி, உள்ள சிக்கல்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த அடி என்ன என்று அவரையே யோசிக்க வைப்பார். 2016-இல் வெளியான சோதனை முடிவில், 573 பேரில் இந்த வழியில் உதவி பெற்றவர்களிடம் ஆறு மாதத்துக்குப் பின் 13.7 சதவீதம் பேருக்கும், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களிடம் 49.9 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன.

மருத்துவச் செய்திகள் பெரும்பாலும் அந்த எண்களோடு நின்றுவிட்டன. அதற்கு அடுத்த கட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. பாட்டியிடம் பேசி முடித்தவர்கள், அதே வழியில் வந்த மற்றவர்களின் குழுவில் சேர அழைக்கப்பட்டார்கள். அங்கே வட்டமாக உட்கார்ந்து, பழைய நெகிழியை இழைகளாக்கிக் கொக்கி ஊசியால் பைகள் பின்னினார்கள். முன்பு பின்னக் கற்றவர் புதிதாக வந்தவருக்குக் காட்டிக்கொடுக்க, கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வந்தது. சில வாரங்களுக்கு முன் அந்த இருக்கையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் இப்போது ஒருவர், இந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று கேட்கிறார்.